ஆண்ட்ராய்டு ஆப்புக்கு டார்கெட் எஸ்டிகே எதை வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டார்கெட் ஏபிஐ லெவலை உயர்த்தச் சொல்லி, ஆப்களை வெளியிடும் தளமான பிளே கன்சோலில் எச்சரிக்கை வந்ததும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் ஏபிஐ லெவல் என்று ஓர் எண் உண்டு, எஸ்டிகே எண் என்று சொல்வதும் அதைத்தான். எண்கள் குழப்பாமல் இருக்க முதலில் ஒரு கணக்கு: ஏபிஐ 23 என்றால் ஆண்ட்ராய்டு 6, 24 என்றால் 7, 26 என்றால் 8, 28 என்றால் 9. அதற்குமேல் 29 என்பது ஆண்ட்ராய்டு 10, 30 என்பது 11, 31 என்பது 12, 33 என்பது 13, 34 என்பது 14, 35 என்பது 15, 36 என்பது 16.

கம்பைல், டார்கெட், மினிமம்னு மூணு நம்பர் இருக்கு. எது எதுக்கு?

கம்பைல் எஸ்டிகே உங்கள் கம்ப்யூட்டரோடு முடிந்துவிடுகிற விஷயம். எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் கிளாஸ்களையும் மெத்தட்களையும் பார்த்துக் கோடைக் கம்பைல் செய்வது என்பதை அது சொல்கிறது. மினிமம் எஸ்டிகே ஒரு வாசல். அதற்குக் கீழே உள்ள ஃபோனில் ஆப் இன்ஸ்டாலே ஆகாது, பிளே ஸ்டோரிலும் அந்த ஃபோனுக்குக் காட்டப்படாது.

டார்கெட் எஸ்டிகே ஃபோனுக்கு நீங்கள் தரும் வாக்குறுதி. "இந்தப் பதிப்பு வரைக்கும் வந்த மாற்றங்களை எல்லாம் பார்த்துவிட்டேன், அந்த விதிகளை என் ஆப்பின்மேல் நடத்தலாம்" என்று அர்த்தம். டார்கெட் 32 என்று எழுதிய ஆப் ஆண்ட்ராய்டு 15 ஃபோனில் ஓடும்போது, 33 முதல் 35 வரை டார்கெட்டைப் பொறுத்து வந்த விதிகளை ஃபோன் அந்த ஆப்புக்கு மட்டும் தளர்த்திப் பழைய மாதிரியே நடத்தும். மினிமம், டார்கெட், கம்பைல் மூன்றும் இந்த வரிசையில் ஏறுமுகமாகவோ சமமாகவோ இருக்க வேண்டும்.

டார்கெட்டை 35-க்கு ஏத்தினா பழைய ஃபோன்ல ஆப் ஓடாம போயிடுமா?

போகாது. அதிகம் பேர் பயப்படுவது இதற்குத்தான், பயப்படத் தேவையில்லாததும் இதுவேதான். ஆண்ட்ராய்டு 9 ஃபோனுக்கு 35-இன் விதிகள் என்னவென்றே தெரியாது. தனக்குத் தெரிந்த 28 வரையான விதிகளை மட்டும் நடத்தும். உங்கள் ஆப் ஏற்கெனவே 28-க்கு மேல் டார்கெட் வைத்திருந்தால், 35-க்கு ஏற்றுவதால் அந்த ஃபோனில் எதுவும் மாறாது.

பழைய ஃபோனில் ஆப் ஓடுமா என்பதை மினிமம் எஸ்டிகேயும், புதிய ஏபிஐகளைக் கூப்பிடும் இடங்களில் நீங்கள் வைக்கும் சோதனைகளும்தான் முடிவுசெய்கின்றன. டார்கெட்டை ஏற்றும்போது கவனிக்க வேண்டியது புதிய ஃபோன்களை. பழைய ஃபோனில் அப்போது ஏதாவது உடைந்தால், காரணம் பெரும்பாலும் கூடவே ஏற்றிய கம்பைல் எஸ்டிகேயோ லைப்ரரியோதான். அதற்கு நல்ல உதாரணம் நான்காம் கேள்வியில் இருக்கிறது.

அப்போ ஏத்தாமலே விட்டா என்ன நஷ்டம்?

முதல் நஷ்டம் பிளே ஸ்டோரில். 2018 ஆகஸ்டில் புதிய ஆப்களுக்கு 26 கட்டாயம் என்று தொடங்கிய விதி, ஆண்டுதோறும் நகர்ந்து 2023-இல் 33, 2024-இல் 34 என்று வந்தது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய ஆப்களும் அப்டேட்களும் 35 வைத்திருக்க வேண்டும். கன்சோலில் விண்ணப்பித்தவர்களுக்கு நவம்பர் 1 வரை அவகாசம் தரப்பட்டது. வேர் ஓஎஸ், டிவி, ஆட்டோமோட்டிவ் ஆப்களுக்கு அதே தேதியில் 34 போதும்.

அப்டேட்டே போடாத ஆப்புக்கும் விதி உண்டு. டார்கெட் 33 அல்லது அதற்குக் கீழே நின்றுவிட்ட ஆப், அந்த டார்கெட்டைவிடப் புதிய ஆண்ட்ராய்டு உள்ள ஃபோன்களில் புதியவர்களுக்குத் தேடினாலும் கிடைக்காது. ஏற்கெனவே இன்ஸ்டால் செய்தவர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாமல் இன்ஸ்டால் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது நஷ்டம் ஃபோனிலேயே. ஆண்ட்ராய்டு 14, டார்கெட் 23-க்குக் குறைந்த ஆப்களை இன்ஸ்டால் செய்யவிடாது. ஆண்ட்ராய்டு 15-இல் அந்த வரம்பு 24. ஏபிகே என்ற இன்ஸ்டால் கோப்பாகக் கையில் கொடுத்தாலும் இதே கதிதான். அனுமதி கேட்கும் முறையிலிருந்து தப்புவதற்காக வேண்டுமென்றே 22 வைத்துக்கொண்டிருந்த தீய ஆப்களைத் தடுக்க வந்த விதி இது. ஃபோன் ஆண்ட்ராய்டு 14-க்கு மாறுவதற்கு முன்பே இன்ஸ்டால் ஆகியிருந்தால் அந்த ஆப் அப்படியே இருக்கும்.

லைப்ரரி ஒண்ணு "35-ல கம்பைல் பண்ணு"ன்னு எரர் காட்டுது. டார்கெட்டையும் சேர்த்து ஏத்தணுமா?

வேண்டாம். லைப்ரரி கோப்பின் விவரங்களைச் சரிபார்க்கும் ஏஏஆர் மெட்டாடேட்டா சோதனையில் வரும் அந்த எரர் கம்பைல் எஸ்டிகேயை மட்டும்தான் கேட்கிறது. கம்பைலை 35 ஆக்கிவிட்டு டார்கெட்டை 34-இலேயே நிறுத்தி வைக்கலாம். இரண்டையும் தனித்தனி ரிலீசில் ஏற்றுவதுதான் நல்லது. ஏதாவது உடைந்தால் எதனால் உடைந்தது என்று உடனே தெரியும். ஆப்பை பில்ட் செய்யும் கிரேடில் பிளகினும் ஈடுகொடுக்க வேண்டும்: 35-இல் கம்பைல் செய்ய அதன் பதிப்பு 8.6-ஆவது இருக்க வேண்டும்.

கம்பைல் மட்டும்தானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. காட்லினில் ஒரு மியூட்டபிள் லிஸ்டின்மேல் ரிமூவ்ஃபர்ஸ்ட் அல்லது ரிமூவ்லாஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கம்பைல் 34 வரை அது காட்லின் லைப்ரரியில் உள்ள ஃபங்ஷனைக் குறித்தது, எந்த ஃபோனிலும் ஓடியது. 35-இல் ஜாவாவின் லிஸ்ட் இன்டர்ஃபேசுக்கே அதே பெயரில் மெத்தட் வந்துவிட்டது. கம்பைலர் இப்போது அதைத்தான் பிடிக்கும். கோடில் ஓர் எழுத்தும் மாறவில்லை, பில்டும் சுத்தமாக முடியும். ஆனால் ஆண்ட்ராய்டு 14-உம் அதற்குக் கீழும் உள்ள ஃபோன்களில் அந்த வரிக்கு வந்ததும் "நோ சச் மெத்தட்" எரருடன் ஆப் விழும். ரிமூவ்ஃபர்ஸ்டுக்குப் பதில் ரிமூவ்அட் 0, ரிமூவ்லாஸ்டுக்குப் பதில் ரிமூவ்அட் லாஸ்ட்இன்டெக்ஸ் என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது. கம்பைலை 35 ஆக்கும் முன் புராஜெக்ட் முழுவதும் இந்த இரண்டு பெயரையும் தேடிப் பாருங்கள்.

மினிமம் எஸ்டிகே எவ்வளவு வைக்கலாம்?

இணையத்தில் கிடைக்கும் உலகச் சராசரியை நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்கள் ஆப்புக்கான கணக்கு பிளே கன்சோலின் புள்ளிவிவரப் பக்கத்திலேயே ஆண்ட்ராய்டு பதிப்பு வாரியாக இருக்கிறது. புதிய ஆப் என்றால் 24-இல் தொடங்குவது நியாயமான தேர்வு. கோடு பெருத்தால் பல கோப்புகளாகப் பிரிக்க வேண்டிய மல்டிடெக்ஸ் தொல்லை 21-இலேயே போய்விட்டது. அனுமதியை ஓடும்போது கேட்கும் முறை 23-இல் வந்துவிட்டதால், 24 வைத்தால் பழைய முறைக்கென்று தனிக் கோடு எழுத வேண்டியதில்லை. எந்தச் சான்றிதழ்களை நம்புவது என்று சொல்லும் நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் கோப்பும் 24 முதல் வேலைசெய்கிறது. ரியாக்ட் நேட்டிவ் 0.76 முதல் 24-ஐத்தான் குறைந்தபட்சமாகக் கேட்கிறது.

24 அல்லது அதற்குக் கீழே வைத்தால் சர்வர் சான்றிதழையும் பாருங்கள். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனத்தின் ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1-இலிருந்துதான் ஃபோனிலேயே இருக்கிறது. அதற்கு முந்தைய ஃபோன்களுக்குக் கைகொடுத்துவந்த குறுக்குக் கையொப்பம் 2024 செப்டம்பர் 30-உடன் காலாவதியாகிவிட்டது. உங்கள் சர்வர் இந்தச் சான்றிதழை நம்பியிருந்தால், அந்த ஃபோன்களில் ஆப் நன்றாகத் திறக்கும், ஆனால் சர்வருக்கு ஓர் அழைப்பும் போகாது. 7.0-க்கு அந்த ரூட் சான்றிதழை நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக்கில் சேர்க்கலாம். ஆண்ட்ராய்டு 6-இலும் அதற்குக் கீழும் ஓகேஹெச்டிடிபி போன்ற கிளையன்டில் கோடு மூலமாகத்தான் சேர்க்க முடியும்.

புது ஏபிஐ ஒண்ணு வேணும், ஆனா பழைய ஃபோனையும் விட முடியாது. என்ன பண்றது?

ஓடும் ஃபோனின் எஸ்டிகே_இன்ட் எண்ணைப் பார்த்துப் பிரித்து எழுதுங்கள். "33 அல்லது அதற்கு மேல் என்றால் இது, இல்லையென்றால் அது." ஆண்ட்ராய்டு எக்ஸ் லைப்ரரிகளில் காம்பாட் என்று முடியும் கிளாஸ்கள் இந்தப் பிரிவைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. அவை இருக்கும் இடத்தில் சொந்தமாக எழுத வேண்டாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் "நியூ ஏபிஐ" லின்ட் (கோடைச் சரிபார்க்கும் கருவி) எச்சரிக்கையை சப்ரெஸ் செய்து வாயடைப்பதுதான் பழைய ஃபோன் கிராஷ்களுக்கு முதல் காரணம். தானாக ஓடும் சிஐ பில்டில் அந்த லின்டை எரராகவே வைத்துவிடுங்கள்.

ஜாவா டைம் போன்ற மொழி சார்ந்த கிளாஸ்கள் 26-இல்தான் வந்தன. கோர் லைப்ரரி டீஷுகரிங் என்ற கிரேடில் அமைப்பை ஆன் செய்து, அதற்கான ஜேடிகே லைப்ரரியை டிபென்டன்சியில் சேர்த்தால் கீழே உள்ள ஃபோன்களிலும் அவை ஓடும். ஃபோனின் ஹார்டுவேரையோ சிஸ்டம் சர்வீஸையோ நம்பியிருக்கும் ஏபிஐக்கு இந்த வழி உதவாது.

ரொம்ப நாளா 28-லயே நிக்குது. நேரா 35-க்குத் தாவலாமா?

எண்ணை மாற்ற ஒரு நொடி போதும், பிளே ஸ்டோரும் தடுக்காது. ஆனால் வேலையை அப்படிச் செய்யாதீர்கள். 29, 30, 31, 33, 34, 35 என்று ஒவ்வொரு படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஆப்பை முழுவதும் ஓட்டிப் பார்த்து, தனித்தனி கமிட்டாகப் போடுங்கள். வெளியே ரிலீஸ் ஆவது கடைசி எண் மட்டுமாக இருந்தாலும் பரவாயில்லை. 32-க்குத் தனியாக நிற்க வேண்டியதில்லை. அது பெரிய திரைகளுக்காக வந்த 12எல், நடத்தை மாற்றம் மிகக் குறைவு.

28-க்கும் கீழே இருந்து வருபவர்கள் மூன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். 24-இல் ஃபைல் என்று தொடங்கும் முகவரியை வேறு ஆப்புக்கு அனுப்பினால் கிராஷ் ஆகும், ஃபைல்புரொவைடர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். 26-இல் நோட்டிஃபிகேஷனுக்கு சேனல் (அதன் வகைப் பிரிவு) இல்லையென்றால் அது காட்டப்படாது, பின்னணியில் இருக்கும் ஆப் சர்வீஸ் தொடங்கினாலும் விழும். 28-இல் ஹெச்டிடிபி அழைப்புகள் இயல்பாகவே தடுக்கப்படும், ஹெச்டிடிபிஎஸ் வேண்டும். இனி வரும் கேள்விகள் 29 முதலான படிகளுக்கு.

29, 30 தாண்டினதும் ஆப் சேமிச்ச ஃபைல் எதையும் படிக்க முடியலையே?

பொது ஸ்டோரேஜில் உள்ள கோப்புகளை ஆப் இஷ்டம்போல் தொடவிடாத ஸ்கோப்டு ஸ்டோரேஜ் என்ற விதி இது. டார்கெட் 29-இல் தொடங்குகிறது. ஆண்ட்ராய்டு 10 ஃபோனில், ஆப்பின் விவரங்களை அறிவிக்கும் மேனிஃபெஸ்ட் கோப்பில் "ரிக்வெஸ்ட் லெகசி எக்ஸ்டர்னல் ஸ்டோரேஜ்" என்ற கொடியை ட்ரூ என்று வைத்து விதியைத் தள்ளிப்போடலாம். டார்கெட் 30 ஆனதும் ஆண்ட்ராய்டு 11-உம் அதற்கு மேலும் உள்ள ஃபோன்கள் அந்தக் கொடியைக் கண்டுகொள்ளாது. அதற்காகக் கொடியை எடுத்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு 10 அதை இன்னும் மதிக்கிறது. மீடியா கோப்புகளை நேரடிப் பாதையில் திறக்கும் வசதி 10-இல் இல்லாமல் போய் 11-இல் திரும்ப வந்தது. அதனால் பாதையை வைத்துத் திறக்கும் கோடு 9-இலும் 11-இலும் ஓடி, நடுவில் 10-இல் மட்டும் உடையும். கொடி இருந்தால் உடையாது.

நிரந்தரத் தீர்வு, கோப்பின் வகையைப் பார்த்து இடத்தை மாற்றுவது. ஆப்புக்கு மட்டும் தேவையான கோப்பை ஆப்பின் சொந்த ஃபோல்டரில் வையுங்கள், அனுமதியே வேண்டாம். படம், வீடியோ, பாட்டு என்றால் மீடியாஸ்டோர். பிடிஎஃப் போன்றவற்றைப் பயனரே தேர்ந்தெடுக்கட்டும், அதற்கு ஸ்டோரேஜ் ஆக்சஸ் ஃபிரேம்வொர்க் இருக்கிறது. ஒரு படத்தை மட்டும் வாங்க ஃபோட்டோ பிக்கர் போதும். எல்லாக் கோப்புகளையும் தொடும் அனுமதியை ஃபைல் மேனேஜர், பேக்கப் போன்ற சில வகை ஆப்களுக்குத்தான் பிளே ஸ்டோர் ஒத்துக்கொள்ளும். "பழைய கோடு அப்படி இருக்கிறது" என்ற காரணம் செல்லாது.

பழைய இடத்தில் கிடக்கும் பயனரின் கோப்புகளைப் புதிய இடத்துக்கு நகர்த்தும் கோடு 30-க்குப் போகும் முன்னாலேயே வெளிவந்துவிட வேண்டும். தவறினால் "பிரிசர்வ் லெகசி எக்ஸ்டர்னல் ஸ்டோரேஜ்" என்ற இன்னொரு கொடி கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் அது அப்டேட் ஆகி வருபவர்களுக்கு மட்டும். அன்இன்ஸ்டால் செய்து மீண்டும் போட்டால் அந்தச் சலுகை போய்விடும்.

30-ல வேற ஆப் இருக்கான்னு பார்த்தா எப்பவும் இல்லைன்னே வருது?

மற்ற ஆப்களை உங்கள் ஆப்பின் கண்ணிலிருந்து மறைக்கும் பேக்கேஜ் விசிபிலிட்டி விதி இது. யூபிஐ ஆப், வாட்ஸ்அப் போல நீங்கள் தேடும் ஆப்களின் பேக்கேஜ் பெயரையோ, இன்டென்ட்டையோ (இன்னொரு ஆப்பையோ திரையையோ கூப்பிடும் கோரிக்கை) மேனிஃபெஸ்டின் குவெரீஸ் பகுதியில் எழுத வேண்டும். ஸ்டார்ட் ஆக்டிவிட்டியை நேராக அழைத்து, ஆப் இல்லாதபோது வரும் எக்செப்ஷனைப் பிடிக்கும் முறைக்கு இந்த அறிவிப்பு தேவையில்லை. பல இடங்களில் அதுவே எளிது.

31-க்கு மாத்தினேன், பில்டே ஆகல. பில்ட் ஆனதும் வேற இடத்துல கிராஷ் ஆகுது.

இரண்டும் தனித்தனிக் கோளாறு. இன்டென்ட் ஃபில்டர் உள்ள ஒவ்வொரு ஆக்டிவிட்டி, சர்வீஸ், ரிசீவருக்கும் "எக்ஸ்போர்டட்" ட்ரூவா ஃபால்ஸா என்று வெளிப்படையாக எழுத வேண்டும். உங்கள் மேனிஃபெஸ்டில் எல்லாம் சரியாக இருந்தும் எரர் வந்தால், ஏதோ ஒரு பழைய லைப்ரரியின் மேனிஃபெஸ்டிலிருந்து வருகிறது. ஸ்டுடியோவில் "மெர்ஜ்டு மேனிஃபெஸ்ட்" தாவலைத் திறந்தால் எந்த லைப்ரரி என்று தெரியும். எதற்கும் ட்ரூ என்று போட்டுவிடாதீர்கள். லாஞ்சர் ஆக்டிவிட்டி, வெளியிலிருந்து லிங்க் மூலம் திறப்பவை போன்றவற்றுக்குத்தான் ட்ரூ.

ஓடும்போது வரும் கிராஷ் பெரும்பாலும், பிறகு இயக்குவதற்காகக் கொடுத்து வைக்கும் பென்டிங் இன்டென்ட்டால். இம்மியூட்டபிள் அல்லது மியூட்டபிள் கொடி இல்லாமல் உருவாக்கினால் ஆண்ட்ராய்டு 12-இல் இல்லீகல் ஆர்கியுமென்ட் எக்செப்ஷன் வரும். இம்மியூட்டபிள் 23-இலிருந்தே இருக்கிறது. மியூட்டபிள் 31-இல்தான் வந்தது, நோட்டிஃபிகேஷனிலேயே பதில் எழுதும் வசதி போன்ற இடங்களுக்கு மட்டும் அது வேண்டும். ஸ்டாக் டிரேசில் உங்கள் கோடே இல்லை, பின்னணி வேலைகளை நடத்தும் வொர்க்மேனேஜர் லைப்ரரி மட்டும் தெரிகிறது என்றால், அதை 2.7.0 அல்லது அதற்கு மேல் ஏற்றுங்கள்.

33-க்கு அப்புறம் புதுசா இன்ஸ்டால் பண்றவங்களுக்கு மட்டும் நோட்டிஃபிகேஷன் வரல. ஏன்?

ஆண்ட்ராய்டு 13-இல் நோட்டிஃபிகேஷன் என்பது ஓடும்போது கேட்டு வாங்க வேண்டிய அனுமதி, புதிய இன்ஸ்டாலில் அது மூடியே இருக்கும். ஃபோன் 13-க்கு மாறும் முன்பே உங்கள் ஆப்பை வைத்திருந்தவர்களுக்கு ஃபோனே முன்கூட்டி அனுமதி தந்துவிடுவதால் உங்கள் சொந்த ஃபோனில் கோளாறு தெரியாது. டார்கெட் 32 வரை, ஆப் முதல் சேனலை உருவாக்கும்போது ஃபோனே அனுமதிப் பெட்டியைக் காட்டிவிடும். 33-இலிருந்து எப்போது கேட்பது என்பது உங்கள் பொறுப்பு. ஆப் திறந்த உடனே கேட்காமல், பயனர் ஆர்டர் போட்ட பிறகு, நினைவூட்டல் வைத்த பிறகு என்று காரணம் புரிகிற இடத்தில் கேளுங்கள். இரண்டு முறை மறுத்துவிட்டால் அந்தப் பெட்டி மறுபடி வராது, செட்டிங்ஸுக்குத்தான் அனுப்ப முடியும்.

இதே படியில் கோப்புகளைப் படிக்கும் பழைய அனுமதி, படம், வீடியோ, ஆடியோ என்று மூன்றாகப் பிரிகிறது. பழைய அனுமதியை மேனிஃபெஸ்டில் மேக்ஸ் எஸ்டிகே 32 என்று வரம்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள், பழைய ஃபோன்களுக்கு அது வேண்டும்.

34, 35-ல ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் பத்தி என்ன கவனிக்கணும்?

ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் என்பது நோட்டிஃபிகேஷன் காட்டிக்கொண்டே தொடர்ந்து ஓடும் வேலை. 34-இல் அப்படிப்பட்ட ஒவ்வொரு சர்வீசுக்கும் வகை கட்டாயம்: லொகேஷன், மீடியா பிளேபேக், டேட்டா சிங்க் என்பதுபோல. சர்வீஸ் டேக்கில் வகை, அந்த வகைக்கான தனி அனுமதி, பிளே கன்சோலில் ஏன் தேவை என்ற விளக்கமும் வீடியோவும் ஆகிய மூன்றும் வேண்டும். லொகேஷன் வகை என்றால் இருப்பிட அனுமதி கையில் இருக்கும்போதுதான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் செக்யூரிட்டி எக்செப்ஷன். பழைய ஃபோன்களுக்கு சர்வீஸ்காம்பாட் கிளாஸின் ஸ்டார்ட்ஃபோர்கிரவுண்ட் மெத்தட்டைப் பயன்படுத்துங்கள்.

35-இல் டேட்டா சிங்க் வகைக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 6 மணி நேரம்தான். அது முடிந்ததும் ஆன்டைம்அவுட் அழைக்கப்படும். சில நொடிகளுக்குள் நீங்களே ஸ்டாப்செல்ஃப் செய்யாவிட்டால் ஆப் கிராஷ் ஆகும். ஃபோன் ஆன் ஆனதும் பூட் ரிசீவரிலிருந்து இந்த வகை சர்வீசைத் தொடங்கவும் முடியாது. சும்மா கோப்பு அனுப்பும் வேலையென்றால் வொர்க்மேனேஜருக்கு மாறிவிடுங்கள்.

35 வச்சதும் டூல்பார் ஸ்டேட்டஸ் பாருக்கு அடியில போயிடுச்சு. தமிழ் எழுத்து வேற பட்டன்ல வெட்டுப்படுது.

முதலாவது எட்ஜ்-டு-எட்ஜ் விதி. ஆண்ட்ராய்டு 15-இல் ஆப் திரையின் விளிம்பு முதல் விளிம்பு வரை வரையப்படும், ஸ்டேட்டஸ் பாருக்கு நிறம் வைக்கும் மெத்தட்டும் பலிக்காது. ஸ்டேட்டஸ் பார் போன்றவை பிடிக்கும் இடத்தைச் சொல்லும் விண்டோ இன்செட்ஸ் அளவை வாங்கி மேலும் கீழும் பேடிங்காக வையுங்கள். ஆக்டிவிட்டி லைப்ரரி 1.8.0-இலிருந்து இருக்கும் எனேபிள்எட்ஜ்டுஎட்ஜ் ஃபங்ஷனை ஆன்கிரியேட்டில் அழைத்தால் பழைய ஃபோன்களிலும் அதே அமைப்பு வந்துவிடும். இரண்டு விதமான லேஅவுட்டைப் பராமரிக்கும் தொல்லை இருக்காது. கீபோர்டு திறக்கும்போது அடியில் இருக்கும் உள்ளீட்டுப் பெட்டி மறைகிறதா என்று கட்டாயம் பாருங்கள். தீமில் விதிவிலக்குக் கேட்கும் ஒரு பண்பு இருக்கிறது, ஆனால் டார்கெட் 36 ஆனதும் ஆண்ட்ராய்டு 16 அதை மதிக்காது.

இரண்டாவது, தமிழில் ஆப் செய்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. டெக்ஸ்ட்வியூவில் எலிகன்ட்டெக்ஸ்ட்ஹைட் என்று ஒரு பண்பு உண்டு. முன்பு அது இயல்பாக ஃபால்ஸ். அதனால் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, தாய், அரபி போன்ற எழுத்துகளுக்கு உயரத்தைச் சுருக்கிய எழுத்துரு வந்துகொண்டிருந்தது. டார்கெட் 35-இல் அது இயல்பாகவே ட்ரூ. எழுத்து வாசிக்க நன்றாக இருக்கும், ஆனால் வரியின் உயரம் கூடும். உயரத்தை இத்தனை டிபி (திரை அளவுக்கான அலகு) என்று இறுக்கிக் கட்டிய பட்டனிலும் லிஸ்ட் வரிசையிலும் "மு", "ழு", "நூ" போன்றவற்றின் அடிப்பகுதியோ, "சி", "கீ" போன்றவற்றின் மேல் விலங்கோ வெட்டுப்படும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது. அந்த இடங்களில் உயரத்தை ராப் கன்டென்ட் ஆக்கி, தேவையானால் மின்ஹைட் கொடுங்கள். 35-இல் அந்தப் பண்பை ஃபால்ஸ் என்று வைத்துத் தற்காலிகமாகத் தப்பலாம். 36-இல் அந்தப் பண்பே புறக்கணிக்கப்படுகிறது, ஆகவே லேஅவுட்டைத் திருத்துவதுதான் வழி.

டார்கெட்டைத் தொடவே இல்ல. ஆனாலும் புது ஃபோன்ல ஆப் வேற மாதிரி நடக்குதே?

ஒவ்வொரு ஆண்ட்ராய்டு பதிப்பிலும் இரண்டு வகை மாற்றங்கள் வருகின்றன. டார்கெட்டைப் பொறுத்தவை ஒரு வகை, எல்லா ஆப்புக்கும் பொருந்துபவை இன்னொரு வகை. ஆண்ட்ராய்டு 10 முதல், திரையில் இல்லாத ஆப் கிளிப்போர்டைப் படிக்க முடியாது. 12-இல் எல்லா ஆப்புக்கும் ஸ்பிளாஷ் திரை வந்தது, நீங்கள் ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தால் இரண்டாகத் தெரியும். 14-இல் நீக்க முடியாததாக வைத்த பல நோட்டிஃபிகேஷன்களைப் பயனர் தள்ளிவிட முடிகிறது. இவற்றுக்கு டார்கெட் எண் கேடயமாகாது. ஆண்ட்ராய்டு டெவலப்பர் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு பட்டியல்களும் தனித்தனிப் பக்கமாக இருக்கின்றன. டார்கெட்டை ஏற்றாத ஆண்டிலும் "எல்லா ஆப்களுக்கும்" என்ற பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

எந்தெந்த ஃபோன்ல டெஸ்ட் பண்ணா போதும்?

எல்லாப் பதிப்பும் தேவையில்லை. உங்கள் மினிமம் எண் ஒன்று, ஸ்டோரேஜுக்காக மேலே சொன்ன 29, அதற்கடுத்து 30 அல்லது 31, அனுமதிகளுக்காக 33, கடைசியாக உங்கள் டார்கெட் எண். எமுலேட்டர் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். பேட்டரி சேமிப்பு, பின்னணி சர்வீஸ் இரண்டையும் மட்டும் கடையில் விற்கும் அசல் ஃபோன்களில் பார்க்க வேண்டும். நிறுவனங்கள் தங்கள் பங்குக்கும் கட்டுப்பாடுகளைச் சேர்த்திருக்கும். புதிய இன்ஸ்டால், பழைய பதிப்பின்மேல் அப்டேட் ஆகிய இரண்டு வழியிலும் சோதியுங்கள். 33-இன் நோட்டிஃபிகேஷன் கோளாறு முதல் வழியிலும், 30-இன் ஸ்டோரேஜ் கோளாறு இரண்டாவது வழியிலும்தான் பிடிபடும்.

எண்ணை ஏற்றாமலேயே ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் சோதிக்கவும் வழி உண்டு. ஆண்ட்ராய்டு 11 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "ஆப் கம்பேட்டிபிலிட்டி சேஞ்சஸ்" என்ற பகுதி இருக்கிறது. டீபக் பில்டைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு விதியாக ஆன், ஆஃப் செய்யலாம். கம்ப்யூட்டரிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபியில் ஏஎம் காம்பாட் கட்டளையும் இதையே செய்யும். எந்த விதியால் உடைகிறது என்று தெரியாமல் தவிக்கும்போது இதைவிட விரைவான வழி இல்லை.

லைப்ரரி பழைய டார்கெட்டுக்கு எழுதினது. அதுக்கு எந்த விதி?

உங்கள் ஆப்பின் விதிதான். லைப்ரரியின் கோடு உங்கள் ஆப்பின் புராசஸுக்குள் ஓடுவதால் அதற்கென்று தனி டார்கெட் கிடையாது. ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் பிளகின்களுக்கும் இதே நிலைதான். ஃப்ளட்டரில் டார்கெட் எண் ஃப்ளட்டர் பதிப்போடு சேர்ந்து தானாக ஏறக்கூடும். ஆப் கிரேடில் கோப்பில் அந்த இடத்தில் எண்ணை நேராக எழுதி வைத்தால் எப்போது ஏறுவது என்பது உங்கள் கையில் இருக்கும்.

சி, சி++ கோடு உள்ள லைப்ரரி என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 15-உம் அதற்கு மேலும் டார்கெட் வைக்கும் ஆப்கள் 64 பிட் ஃபோன்களில் 16 கேபி மெமரி பேஜை (ஃபோன் நினைவகத்தைப் பிரிக்கும் அலகு) ஆதரிக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 1 முதல் பிளே ஸ்டோர் கேட்கிறது. சி, சி++ கோடைக் கட்டும் கருவியான என்டிகேயின் ஆர்28 பதிப்பு இயல்பாகவே அப்படிக் கட்டித்தரும். வேறொருவர் கட்டிக்கொடுத்த எஸ்ஓ (கம்பைல் செய்து முடித்த லைப்ரரி) கோப்பு என்றால் அவர்களிடம் புதிய பதிப்பைத்தான் வாங்க வேண்டும்.

பிளே ஸ்டோர்ல போடாத ஆப்புக்கும் இதெல்லாம் வேணுமா?

ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மட்டுமான நிரந்தரத் தனி ஆப்களுக்கு பிளே ஸ்டோரின் டார்கெட் விதியிலிருந்து விலக்கு உண்டு. நேரடியாக ஏபிகே கொடுப்பவர்களுக்கும் அந்த விதி இல்லை. மூன்றாம் கேள்வியில் சொன்ன 23, 24 வரம்புகள் மட்டும் எல்லோருக்கும் உண்டு. குறைந்த டார்கெட்டில் நிற்பதற்கு நியாயமான தொழில்நுட்பக் காரணமும் சில நேரம் இருக்கும். ஃபோனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் ஆப் 28-இலேயே நின்றது அப்படித்தான். டார்கெட் 29 முதல், ஆப் தன் சொந்த ஃபோல்டரில் இறக்கிய புரோகிராமை இயக்கக் கூடாது என்ற விதி வருகிறது. அந்த ஆப்பின் வேலையே அதுதான். உங்கள் காரணம் இந்த அளவுக்கு அடிப்படையானதா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

ஏத்தி ரிலீஸ் பண்ணிட்டேன், கிராஷ் வருது. டார்கெட்டைக் குறைச்சுத் திரும்பப் போடலாமா?

35-இலிருந்து 34 என்று குறைப்பதை ஃபோன் தடுக்காது. 23 அல்லது அதற்கு மேலிருந்து 22-க்கோ அதற்குக் கீழோ இறங்குவதை மட்டும் அனுமதி முறை மாறுவதால் ஃபோனே மறுத்துவிடும். தடை பிளே ஸ்டோரில்தான். கெடு தேதி கடந்துவிட்டால் 34 வைத்த பில்டை அப்லோடே செய்ய முடியாது. அப்போது பழைய பில்டுக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும், புதிய டார்கெட்டிலேயே கோளாறைச் சரிசெய்து அனுப்ப வேண்டியதுதான்.

அதனால் கெடு தேதிக்கு இரண்டு மாதம் முன்பே ரிலீஸ் செய்யுங்கள். முதலில் இன்டர்னல் டெஸ்டிங், பிறகு 5 சதவீதப் பயனர்களுக்கு ஸ்டேஜ்டு ரோல்அவுட். கிராஷ் கணக்கை ஆண்ட்ராய்டு பதிப்பு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். புதிய டார்கெட்டுக்குரிய பதிப்பிலும் அதற்கு மேலும் மட்டும் ஏறியிருந்தால் டார்கெட் விதி, பழைய பதிப்புகளில் மட்டும் ஏறியிருந்தால் கம்பைலோ லைப்ரரியோ. ரோல்அவுட்டை நிறுத்தினால் புதிதாக யாருக்கும் போகாது, ஏற்கெனவே வாங்கியவர்களிடம் அந்தப் பில்டே இருக்கும். அவர்களுக்கு வெர்ஷன் கோடு கூடிய இன்னொரு பில்ட் போய்ச் சேர வேண்டும். அந்த ரிலீசில் வேறு புதிய வசதி எதையும் சேர்க்காதீர்கள்.